பிளாஸ்டரில் எழுதிய பெயர்

என் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போனதற்காக நான் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை. தலைவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி பத்துப் பன்னிரண்டு வருடம் விழுங்கியவள் நான்தான். ஆனால் அதற்குப் பிறகு டயாலிசிஸ் மையத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைப் படிக்கிறவர்கள், என் எரிச்சலையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு நாற்பத்தொரு வயது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். முதலில் செருப்பு இறுக ஆரம்பித்தது. கால் வீங்கியிருக்கிறது என்று தோன்றாமல் செருப்புக் கடைக்காரனைத் திட்டினேன். அப்புறம் காலை நேரத்தில் குமட்டல். எங்களோடு இருந்த என் நாத்தனார் விசாலம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "என்ன அண்ணி, இந்த வயசுலயா?" என்று சிரித்தாள். நான் முறைத்தேன். உண்மையில் எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் மூச்சு வாங்கிய அன்றுதான் டாக்டரிடம் போனேன். அவர் ரத்த அழுத்தத்தை ஒரு தடவை பார்த்தார், நம்பாமல் மறுபடியும் பார்த்தார், கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் என் கணவரின் சித்தப்பா வீடு இருந்தது. முதல் நாளே அங்கே போய்த் தங்கினால்தான் காலையில் ஆஸ்பத்திரியில் முன்வரிசை நம்பர் கிடைக்கும். அப்படி எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுவதும் போகிற சிறுநீரைப் பெரிய போத்தலில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்தப் போத்தலை மீன் வாங்குகிற பையில் மறைத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார் என் கணவர். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கிற, சட்டை கசங்கினால் வருத்தப்படுகிற மனிதர். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

முடிவு சொன்ன டாக்டர் இளைஞர். கெட்டிக்காரர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே என் கணவரைப் பார்த்தே பேசினார். இவருடைய கிட்னி சுருங்கிவிட்டது, இவரிடம் இப்போதைக்கு முழுவதும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கிட்னி என்னுடையது, ஆங்கிலமும் எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்துபோனது. அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொன்னார். கைமுட்டி அளவு இருக்கவேண்டியது கோழி முட்டை அளவுக்கு வந்துவிட்டது, உடம்பின் கழிவையும் தண்ணீரையும் இனி அது வெளியேற்றாது, ஒரு இயந்திரம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், உயிரோடு இருக்கும்வரை. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயம்தான். வேறென்ன?

டயாலிசிஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். இடது மணிக்கட்டில் சின்ன அறுவை செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒட்டவைப்பார்கள். அந்த இடம் சில வாரத்தில் புடைத்துக்கொண்டு, தொட்டால் வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி அதிரும். அதில் இரண்டு ஊசிகளைக் குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, மற்றதின் வழியாகத் திருப்பி விடுவார்கள். சுத்தம் செய்வது முழங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள்ளே மயிர் போன்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாங்கள் அதை டியூப் என்போம். விலை அதிகம் என்பதால் ஒரு தடவையோடு எறிவதில்லை. கழுவி, மருந்தில் ஊறவைத்து, அதே நோயாளிக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். எவ்வளவு கழுவினாலும் இழைகளுக்குள் அவரவர் ரத்தத்தின் மிச்சம் இருக்கும். அதனால் அவரவர் டியூப் அவரவருக்கு மட்டும்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

சில மாதம் கோலாலம்பூர் அலைச்சலுக்குப் பிறகு கிள்ளானிலேயே ஒரு தனியார் மையத்தில் இடம் கிடைத்தது. பெயரைச் சொல்லமாட்டேன். கடைவரிசைக்கு மேல்மாடி. ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். திங்கள், புதன், வெள்ளி மதியம் என்னுடைய நேரம்.

வீட்டில் எல்லாம் எனக்காக மாறிப்போனது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். விசாலம் அதை ஒரு ஜாம் போத்தலில் காலையிலேயே அளந்து வைத்துவிடுவாள். காய்கறியைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் சமைப்பாள். காயில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பு எனக்கு இதயத்தை நிறுத்திவிடும். ருசியெல்லாம் போன கத்தரிக்காயை என்னோடு உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். என் கணவர் காப்பியை அடுப்படியிலேயே நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் என் முன்னால் வருவார். வாசனை எனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

மையத்தில் எனக்குப் பிடித்தவள் பிலோமினா. இருபத்தைந்து வயது நர்ஸ். எல்லா நர்சுகளையும் நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பிலோமினாவை மட்டும் பெயர் சொல்லியே கூப்பிடுவேன். அவள் ஊசி குத்தினால் வலி பாதிதான் இருக்கும். எங்களுக்குக் கால் பிடித்துக்கொண்டால், டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து தேய்த்துவிடுவாள்.

அங்கேதான் இன்னொரு சரஸ்வதி வந்து சேர்ந்தாள். என் பெயரும் சரஸ்வதிதான். நான் கோவிந்தசாமி மகள், அவள் முனியாண்டி மகள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பந்திங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டம். கணவன் குலை வெட்டுகிறவன், மூன்று பிள்ளைகள். இரண்டு பஸ் மாறி வந்து, நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்து, சாயங்காலம் மறுபடியும் இரண்டு பஸ் மாறிப் போவாள். அவளை வேறு இடத்திலிருந்து மாற்றியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள்ளேயே நாற்காலி கொடுத்துவிட்டார்கள். நான் டீச்சர் என்று தெரிந்ததும் அவளும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

என் வகுப்பில் ஒரு வருடம் மூன்று சரஸ்வதிகள் இருந்தார்கள். பெரிய சரசு, சின்ன சரசு, கண்ணாடி சரசு. ஒருத்தியின் நோட்டை ஒரு நாள்கூட இன்னொருத்தியிடம் நான் கொடுத்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளைகளின் நோட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட அந்தக் கவனத்தை எங்கள் ரத்தத்துக்கு அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. டியூபில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, அதில் பெயர் எழுதுவார்கள். நம் பெயர்களுக்கு இந்த நாட்டில் எந்த விண்ணப்பப் பாரத்திலும் கட்டம் போதாது. பிளாஸ்டரிலும் போதவில்லை. 'சரஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, எத்தனையாவது தடவை என்று பக்கத்தில் ஒரு எண். அவ்வளவுதான். என் டியூபிலும் 'சரஸ்', அவள் டியூபிலும் 'சரஸ்'.

மாட்டுவதற்கு முன்னால் டியூபை நோயாளியிடம் காட்டி, பெயர் சொல்ல வைத்து, சரிபார்க்க வேண்டும் என்பது விதி. முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் அது தேய்ந்து, "சரஸ்?" என்று அவர்கள் கேட்பதும், "ஆமா" என்று நாங்கள் சொல்வதுமாகப் போனது. வெள்ளை உடுப்பு எது கேட்டாலும் ஆமா சொல்கிற ஜாதி நாங்கள். நானும்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் "பார்த்துப் படி" என்று அதட்டுகிறவள், கண்ணை மூடிக்கொண்டே ஆமா சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை என் நாற்காலிக்கு மேலே ஏர்கான் ஒழுகியது. என்னை ஜன்னல் ஓரம் மாற்றி, அங்கே வழக்கமாக இருக்கிற சரஸ்வதியை, ஒழுகலுக்கு ஒரு வாளி வைத்துவிட்டு, என் நாற்காலிக்கு அனுப்பினார்கள். பிலோமினா அன்று தனியாளாக ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நர்ஸ் விடுப்பில், மாற்று ஆள் போடவில்லை. ஜன்னல் நாற்காலியில் வழக்கமாக எந்த டியூபோ அதைக் கொண்டுவந்தாள். "சரஸ்?" என்றாள். "ஆமா" என்றேன்.

புதன்கிழமை ஊசி குத்தி இயந்திரம் ஓட ஆரம்பித்தபிறகு பிலோமினா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். உட்காரவே நேரம் இல்லாதவள் உட்கார்ந்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க," என்றாள். "திங்கக்கிழமை உங்களுக்கு மாட்டுனது உங்க டியூப் இல்ல. அந்தச் சரஸ்வதியோடது. உங்களோடது அவங்களுக்குப் போயிடுச்சு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

கழுவும்போது எண்ணைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. என் டியூப் ஆறாவது தடவை, அவளுடையது இரண்டாவது. உடனே போய், மையத்துக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். மருந்தில் ஊறினதுதானே, ஒன்றும் ஆகாது, இரண்டையும் குப்பையில் போடு, எதையும் எழுதாதே என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் காலையில் சரஸ்வதியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. அவளுக்கு ஹெப்படைட்டிஸ் பி. ஈரலைத் தின்கிற கிருமி, ரத்தத்தின் வழியாகத் தொற்றுவது. அப்போதும் சிஸ்டர், யாரிடமும் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கையில் இரண்டு ஊசிகள் இருந்ததால் பிலோமினா தப்பித்தாள். இல்லாவிட்டால் அறைந்திருப்பேன். வாயால் அறைந்தேன். உனக்குக் கண் இல்லையா, என்ன படிப்பு படித்தாய், என் உயிர் உனக்கு விளையாட்டா என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. ஆறு பேருக்கு ஒரே ஆள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தாள். அதில் ஒரு ஊசியின் பெயர். சீக்கிரம் போட்டுக்கொண்டால் கிருமி பிடிக்காமல் தடுக்கலாம், நாள் தள்ளினால் பலன் இருக்காது, இன்றைக்கே கோலாலம்பூர் போங்கள் என்றாள்.

இயந்திரத்திலிருந்து இறங்கிய கையோடு போனேன். கணவர் வேலையைப் பாதியில் விட்டு வந்து கூட்டிப்போனார். ஊசி போட்டார்கள், தடுப்பூசியும் தொடங்கினார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள், யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். தப்பு செய்தவள்தான் சொன்னாள் என்றேன்.

வெள்ளிக்கிழமை பிலோமினா இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நோயாளியைக் கலவரப்படுத்திவிட்டாளாம், அதுதான் காரணமாம். டியூப் மாறியதற்காக அல்ல. அது அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லையே.

அன்று வாசல் பெஞ்சில் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இனிமே எனக்குத் தனி ரூம். மிஷினும் எனக்கு மட்டும்தானாம். ஃபேன் நேரா மேலயே வீசும் போல. எனக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னு தெரியல," என்றாள்.

அது சாமான் போட்டு வைத்திருந்த அறை. தொற்று உள்ளவர்களைத் தனியாக வைப்பது சரியான முறைதான், அதில் குற்றம் இல்லை. ஆனால் எதற்காகத் தனியாக வைக்கிறோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய கணவனும் மூன்று பிள்ளைகளும் ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லவில்லை. நேராகச் சிஸ்டரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

சிஸ்டரும் தமிழர்தான். என்னை உட்காரச் சொன்னார், மைலோ கலக்கட்டுமா என்று கேட்டார். எனக்குத் தண்ணீர் அளவு உண்டு என்பதுகூட மறந்துபோயிருந்தது அவருக்கு. அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க படிச்சவங்க டீச்சர், உங்ககிட்ட பேசலாம். அவங்க தோட்டத்து ஆளுங்க லா. சொன்னா என்ன புரியும்? அழுது கூட்டத்தைக் கூட்டிடுவாங்க. அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

என் அப்பாவும் தோட்டத்து ஆள்தான் என்றேன். இருபது வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் சொல்கிறேன், புரியாத பிள்ளையை நான் பார்த்ததில்லை, சொல்லத் தெரியாத ஆளைத்தான் பார்த்திருக்கிறேன் என்றேன். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். இது மையத்தின் விஷயம், நீங்கள் தலையிட்டால் உங்கள் நாற்காலியைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றார் சிஸ்டர். நாற்காலி என்று அவர் சொன்னது என் உயிரை. வேறு எங்கும் அப்போது இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே வந்தேன். பெஞ்சில் சரஸ்வதியின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்த கணக்குத் தேர்வுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஈரலை வரைந்தேன். ஈரல் என்ன வேலை செய்கிறது, கிருமி எப்படி வருகிறது, டியூப் எப்படி மாறியது, உன்னுடையது எனக்கும் என்னுடையது உனக்கும் எப்படி வந்தது, தனி அறை எதற்கு, எல்லாவற்றையும் சொன்னேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் அழவில்லை. கூட்டம் கூட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அது என்கிட்டேருந்து உங்களுக்கு வந்துடுச்சா டீச்சர்?" என்றாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அந்த மையத்தில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி.

இன்னும் தெரியாது, ஊசி போட்டிருக்கிறேன் என்றேன். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம், உடனே என்றேன். தாளை மடித்துத் தரச் சொல்லி வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம், "இதை அவங்க ஏன் சொல்லல?" என்றாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்கள் என்றேன்.

"புரியுதே," என்றாள்.

என் நாற்காலியை அவர்கள் பிடுங்கவில்லை. பிடுங்கினால் நான் எங்கே போய்ப் பேசுவேன் என்று பயந்திருக்கலாம். அடுத்த வாரமே அவள் கணவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பந்திங்கில் ரத்தம் கொடுத்தான். நாலு பேருக்கும் கிருமி இல்லை. தடுப்பூசி போட்டார்கள். சின்னவள் ஊசி போட்ட நர்சைக் கடித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது சரஸ்வதிக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மாதா மாதம் ரத்தம் எடுப்பார்கள், முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். என் தட்டை நானே தனியாக வைத்தேன். தட்டில் எதுவும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி விசாலம் வேண்டுமென்றே அதில் போட்டுச் சாப்பிட்டாள். அந்த மாதங்களில் நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒப்புக்கொண்டு எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேளுங்கள், உண்மை சொன்ன நர்சைத் திருப்பி எடுங்கள் என்று. பதில் இல்லை. பிலோமினா காஜாங் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டு, ஒரு நாள் தேடிப்போய், நான் அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் பேசியது சரிதான் டீச்சர், தப்பு என்னுடையதுதானே என்றாள். அவளைத் துரத்திவிட்டார்கள், வாயை மூடச் சொன்னவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு எழுத்து கோணலாகிறது.

கடைசி முடிவிலும் கிருமி இல்லை என்று வந்தது. அந்த வாரமே என் கடிதங்களுக்கும் ஒரு மாதிரியாகப் பதில் வந்தது. காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே சுவரில் ஒரு அறிவிப்பு. டியூபில் உள்ள பெயரைச் சரிபார்ப்பது நோயாளியின் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. அந்த மதியம் அங்கே சிகிச்சைக்கு வருகிற ஆறு பேரில் நாலு பேர் தமிழர்கள்.

சரஸ்வதி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"அப்ப தப்பு நம்மளோடதா?" என்றாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, "தமிழ்ல எழுதுவோம் டீச்சர். நான் ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கேன். என் கையெழுத்து நல்லா இருக்கும்," என்றாள்.

என் பையில் மார்க்கர் பேனா இருந்தது. நான் சொல்லச் சொல்ல, அந்த அறிவிப்பின் கீழே இருந்த வெற்றிடத்தில் அவள் எழுதினாள். உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் முழுசாகச் சொல்லுங்கள். வெறும் ஆமா சொல்லாதீர்கள். தப்பு நடந்தால் அதை நம்மிடம் சொல்வது இவர்கள் பொறுப்பு. கடைசி வரியை நான் சொல்லவில்லை, அவளே எழுதினாள். கையெழுத்து நிஜமாகவே நன்றாக இருந்தது.

மை காய்வதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். அறிவிப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யாரு இதை எழுதினது?"

"சரஸ்வதி," என்றோம் இரண்டு பேரும்.

"எந்தச் சரஸ்வதி?" என்றார்.

அந்த மையத்தில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.